எஞ்சினின் வாயில் திருநீறு

நேர்மையான ஒரு மனிதரை நான் பொய் சொல்லி அவமானப்படுத்தினேன். சிறுபிள்ளை தெரியாமல் செய்தது என்று யாரும் எனக்குச் சலுகை தரவேண்டாம். செய்தது தெரியாமல், சொன்னது தெரிந்துதான்.

மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய மாமா, யாரோ ஒரு துரை கழித்துவிட்ட மோட்டார் சைக்கிளை வாங்கி எங்கள் மாட்டுக்கொட்டிலில் நிறுத்தினார். எஞ்சின் இறுகிப்போயிருந்தது. அச்சுவேலியில் கராச் வைத்திருந்த மெக்கானிக் ஒருவர் வந்து அதைக் கழற்றினார். ஒவ்வோர் உறுப்பையும் மண்ணெண்ணெயில் கழுவி வெள்ளைத் துணியில் பரப்பினார். தூசி படியுமென்று கொட்டிலைக் கூட்டவும் விடமாட்டார். அவர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். எங்கள் வீட்டில் அவருக்குத் தேநீர் கொடுக்கத் தனியாக ஒரு தகரப் பேணி இருந்தது.

சரசுவதி பூசைக்கு முன் எஞ்சினைத் திரும்பப் பொருத்திப் பூட்டி, எண்ணெயும் விட்டு வைத்தார். பூசையன்று அம்மா என் புத்தகங்களுக்கும் எஞ்சினுக்கும் திருநீறு பூசினார். எனக்கு அது போதவில்லை. எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் பூசுவதோடு விடுவார்களா? வாயிலும் ஒரு சிட்டிகை போடுவார்கள். எண்ணெய் விடும் துளையின் மூடியைத் திருகி, கைநிறைய அள்ளி உள்ளே கொட்டினேன்.

விசயதசமியன்று வண்டி கோயிலடிவரை ஓடி, கிறீச்சிட்டு நின்றது. ஊரே பார்க்க மாமா அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். மெக்கானிக் வந்து, கூடி நின்றவர்கள் பார்க்க முற்றத்திலேயே எஞ்சினைத் திறந்தார்.

"ஐயா, எண்ணெய்க்குள்ளை திருநீறு கிடக்கு. சிலிண்டரைக் கீறிப்போட்டுது."

"பூசையிலை வைச்ச சாமானுக்கோ நொட்டை சொல்லுறாய்? உன்ரை வேதத்துக்கு எங்கடை திருநீறு கண்ணிலை குத்துதோ?" என்றார் மாமா. "நீ மண் கையோடை பூட்டியிருப்பாய்."

"மண்ணுக்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் தெரியாமலோ நான் கராச் வைச்சிருக்கிறன்?"

மாமா என்னை இழுத்து முன்னால் விட்டார். "தம்பி பக்கத்திலை நிண்டவன். சொல்லடா, மண்ணிலை விழுந்ததைத் துடைக்காமல் பூட்டினவன்தானே?"

"ஓம்" என்றேன்.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். பிறகு தம் திருகுசாவிகளைச் சாக்கில் போட்டுக்கொண்டு நடந்தார். அதற்குப் பின் எங்கள் ஊர் வண்டி ஒன்றும் அவர் கராச்சுக்குப் போகவில்லை.

படித்து ஆசிரியனான பிறகு அவரைத் தேடிப்போய் உண்மையைச் சொன்னேன். அவர் இரும்பை அராவிக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை.

"இதை ஏன் என்னட்டைச் சொல்லுறீர்? எனக்குத் தெரியாததோ? என்னைப் பேசினவையிட்டைப் போய்ச் சொல்லும்."

நேரே மாமாவிடம் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டார்.

"உதை ஏன்ரா இப்ப கிளறுறாய்? நீ திருநீறு கொட்டேக்கை உன்ரை அம்மா கண்டவதானே. நல்லதுக்கெண்டு பேசாமல் விட்டிட்டா. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த உடனை எனக்குச் சொன்னவ."

"அப்ப ஏன் அந்த மனிசனை அப்பிடிப் பேசினீங்கள்?"

"எங்கடை திருநீறு எஞ்சினை உடைச்சதெண்டு ஒரு வேதக்காரன் சொல்ல, ஊருக்கு முன்னாலை ஓம் எண்டு நிக்கிறதோ?"

ஊரைக் கூட்டி உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். சிரித்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் கை நனைக்கவில்லை. ஊரில் நானே வீடு வீடாகச் சொன்னேன். பழைய கதை என்றார்கள். மெக்கானிக் எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பவேயில்லை.

என் பொய்யை வீட்டார் நம்பிவிட்டார்கள் என்றே அவ்வளவு காலமும் வெட்கப்பட்டிருந்தேன். மாமா உண்மையைத் தெரிந்துகொண்டுதான் முற்றத்தில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார் என்பது சிறுவயதில் எனக்கு விளங்கவில்லை.