எண்ணெய் ஏறுகிறதா?

1974-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். வானம் மூடிக் கிடந்தது. மழை இல்லை, காற்றும் இல்லை. குரும்பலூரிலிருந்து மாமாவின் காரில் ஐந்து பேர் அரியலூருக்குக் கிளம்பினோம். முன்னால் மாமாவும் அப்பாவும். பின்னால் அம்மா, அக்கா, நான். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் துணி சுற்றிய டைப்ரைட்டர் ஒன்று. ஆறாவது ஆளைப் போல அது உட்கார்ந்திருந்தது.

அக்காவுக்குப் பத்து மணிக்கு டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை. மெஷினை நாமே கொண்டுபோக வேண்டும். பத்துக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் உள்ளே விடமாட்டார்கள். பிப்ரவரியில் இதே பரீட்சைக்குப் போன பஸ் வழியில் படுத்துக்கொண்டதால் அவள் வாசலோடு திரும்பி வந்திருந்தாள். இந்த முறையும் தவறினால் படித்தது போதும், தை மாதத்தில் கல்யாணம் என்று உறவுக்காரர்கள் நாள் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பாஸ் செய்தால் அரியலூரில் ஓர் ஆபீசில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தது. அக்கா வழி நெடுக மடியின் மேல் விரல்களால் அடித்துக்கொண்டே வந்தாள்.

பஸ்ஸை நம்பாமல் இந்த முறை மாமாவின் வாடகைக் காரை ஏற்பாடு செய்தார் அப்பா. மாமா அம்மாவின் தம்பி. மூன்று கை மாறி வந்த அந்தக் காரைக் கடன்பட்டு வாங்கியிருந்தார்.

அம்மாவோ காரையும் நம்பவில்லை. லப்பைக்குடிக்காட்டில் ஒரு பெரியவரிடம் ஓதி வாங்கிய செப்புத் தகட்டைச் சுருட்டி, முந்தின நாள் சாயங்காலம் மாமா டீ குடிக்கப் போன நேரத்தில் காரின் பானட்டைத் திறந்தாள். தூக்கிப் பிடித்தவன் நான். என்ஜினின் பக்கவாட்டில், கண்ணுக்குப் படாத கீழ்ப்பக்கமாக ஒரு சின்னக் குமிழ் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் கட்டலாம் என்று இடம் காட்டியவனும் நான்தான். மெல்லிய கம்பியால் இரண்டு சுற்று, மூன்று முறுக்கு. அப்பாவிடம் மூச்சு விடக் கூடாது என்றாள் அம்மா. அப்பா சாமி கும்பிடாதவர். ஒருமுறை அக்காவின் கையில் இருந்த மந்திரித்த கயிற்றை அரிவாள்மனையில் அறுத்து வீசிவிட்டு, அம்மாவோடு மூன்று நாள் பேசாமல் இருந்தவர்.

பெரம்பலூரைத் தாண்டி ஒன்பதாவது கிலோமீட்டர் கல்லில் மாமா வண்டியை ஓரம் கட்டினார். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. என்ஜினுக்குள் எண்ணெய் ஏறவில்லை என்றால் எரியும் விளக்கு அது என்றார். அளவு பார்க்கும் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். எண்ணெய் மேல் கோடு வரை இருந்தது.

“அதான் இருக்குல்ல மாப்ளே, ஓட்டு.”

“இருக்கறது வேற, ஏறுறது வேற மச்சான். ஏறாம ஓட்டுனா என்ஜின் புடிச்சுக்கும். அப்புறம் வண்டிய நீங்களும் நானும்தான் தள்ளிக்கிட்டுப் போவணும்.”

சூடு ஆறட்டும் என்று இருபத்தைந்து நிமிடம் நின்றோம். அரியலூர் போகும் பஸ் ஒன்றே ஒன்று வந்தது. படியில் ஏழு பேர் தொங்கினார்கள். அது நிற்கவில்லை. மறுபடி கிளம்பினோம். அடுத்த கல் வருவதற்குள் விளக்கு மறுபடி எரிந்தது. அப்போது எட்டு மணி நாற்பது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் கல்லைப் பார்த்தேன். தகடு கட்டியும் இப்படி ஆகிறதே, இரண்டு சுற்றுப் போதவில்லையோ என்றுதான் எனக்குக் கவலை. தகட்டையும் விளக்கையும் நான் சேர்த்து நினைக்கவே இல்லை.

மாமா என்னை ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார வைத்தார். விளக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டு, தட்டல் இல்லை, எண்ணெய் ஏறாத என்ஜின் இப்படி ஓடாது என்றார். பிறகு கையைக் கீழே விட்டுத் துழாவினார். திடீரென்று அவர் கை நின்றது. தலையைத் தூக்கி, பானட்டின் இடுக்கு வழியாக அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“இப்ப வயரப் புடுங்கிட்டேன். எரியுதாடா?”

“அணைஞ்சுட்டு மாமா.”

வயரில் கோளாறு இல்லை, எண்ணெய் ஏறுவதைப் பார்த்து விளக்குக்குச் சொல்லும் ஸ்விட்ச்தான் பொய் சொல்கிறது என்றார் மாமா. அப்பா எதையும் நிரூபிக்காமல் விடமாட்டார். பொய் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். மாமா என்ஜினை நிறுத்தி, ஸ்பேனரால் அந்த ஸ்விட்சைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி உள்ளே வந்தார்.

“நான் ஸ்டார்ட் பண்றேன். மரை வழியா எண்ணெய் வருதான்னு நீங்களே குனிஞ்சு பாருங்க மச்சான்.”

வந்தது. பீய்ச்சி வந்து அப்பாவின் வெள்ளைச் சட்டையில் மூன்று கோடு போட்டது. மாமா உடனே அணைத்துவிட்டார். அப்பா மட்டும் நிமிரவில்லை. நான் மனதுக்குள் எண்ணினேன். இருபத்து மூன்று வரை எண்ணிய பிறகுதான் நிமிர்ந்தார். “ஏறுது” என்றார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி சாலையோரப் புளியமரம் வரை நடந்துபோய்ச் சட்டையைத் துடைத்துக்கொண்டு நின்றார். சட்டை பாழான கோபம் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் மாமா ஸ்விட்சை இறுக்கி, அழுக்குத் துணியில் எதையோ பொத்தி டிரவுசர் பைக்குள் போட்டதைப் பார்த்தேன். செம்பு மினுங்கியது.

அரியலூரில் பள்ளிக்கூட வாசலுக்குப் போனபோது ஒன்பது ஐம்பத்திரண்டு. மாமா மெஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார், அக்கா பின்னால் ஓடினாள். எட்டு நிமிடம் மிச்சம்.

மாமா திரும்பி வந்ததும் அப்பா பையிலிருந்து பணத்தை எண்ணி அவரிடம் நீட்டினார்.

“புது ஸ்விட்சு வாங்கிப் போடு மாப்ளே. பக்கத்துல எதுவும் ஒரசாம பாத்துக்க.”

மாமா தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டார். அம்மா கஞ்சித் தூக்கின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

மாமா ஸ்விட்சை மாற்றவே இல்லை. பிறகு பலமுறை பானட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அதே பழைய குமிழ், அதே அழுக்கு. பிடுங்கிய வயரை மட்டும் திரும்ப மாட்டியிருந்தார். விளக்கும் அதன் பிறகு பொய் சொல்லவில்லை. ஆகவே அப்பாவை ஏமாற்றிக் காசு வாங்கிய திருடன் மாமா என்று ஒன்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் வாங்கித் தந்த முறுக்கையெல்லாம் தின்றுகொண்டே. அந்தக் குமிழின் முனையும் என்ஜினும் ஏதாவதொரு உலோகத்தால் தொட்டுக்கொண்டாலே விளக்கு எரியும் என்று, நானே வண்டி ஓட்டப் பழகியபோதுதான் தெரிந்தது.

அக்கா பாஸ் செய்தாள். எல்லாம் பயிற்சி என்றார் அப்பா. அம்மா மறுக்கவில்லை. எதையும் எண்ணாமல் விடாத நான், அப்பா குனிந்து நின்ற அந்த இருபத்து மூன்றையும் அவர் சொன்ன ‘ஒரசாம’வையும் மட்டும் அதுவரை கூட்டிப் பார்க்கவில்லை. கெட்டுப்போகாத ஒரு ஸ்விட்சுக்காக அன்று அப்பா கொடுத்தது எட்டு ரூபாய் ஐம்பது பைசா. சட்டை தனி.