ஜாக்கியும் தர்ம டப்பாவும்

ஜாக்கி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது என் ஓரகத்தி வாயிலிருந்து. அவளுடைய தங்கை புருஷன் டயர்க் கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் அவர் காருக்கு அடியில் படுத்திருந்தபோது முட்டுக் கொடுத்திருந்த ஜாக்கி சரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மகள் பம்பரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, “அப்பா, கொஞ்சம் வெளிய வாங்க” என்றாளாம், சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி. அன்றோடு பெற்றவர்கள் வைத்த பெயர் போயிற்று, ஜாக்கி என்பதே நிலைத்தது.

“பொண்ணுக்கு இப்படி ஒரு பேரா? நாளைக்குக் கட்டிக்கப் போறவன் என்ன சொல்வான்?” என்று ஓரகத்தி கேட்டதற்குத் தங்கை, “வண்டி பஞ்சரானா சந்தோஷப்படுவான்” என்றாளாம்.

அந்தக் கை பளுதூக்கும் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்ததில் ஆச்சரியம் இல்லை. அந்தக் கூடம் இருந்த இடம்தான் ஆச்சரியம். கீழே கண்ணாடிக் கடை, மாடியில் பளு. மேலே ஒவ்வொரு முறை இரும்பு விழும்போதும் கீழே கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தோளைக் குறுக்குவார். கூடத்தை நடத்தியவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். இளகிய மனசுக்காரர். சத்துப் பவுடர் வாங்க வசதி இல்லாத பிள்ளைகளுக்காக அவர் ஒரு வழி செய்திருந்தார். அலமாரியின் அடித்தட்டில் பெரிய மூடி போட்ட டப்பா ஒன்று. யாருக்காவது பவுடர் மிஞ்சினாலோ, ருசி பிடிக்காமல் போனாலோ அதில் கொட்டிவிட வேண்டும். இல்லாதவர்கள் எடுத்துக் குடிக்கலாம். அதற்குப் பெயர் தர்ம டப்பா. சாக்லேட் வாசனை, வனிலா வாசனை எல்லாம் ஒன்றாய்க் கலந்து மண் நிறத்தில் இருக்கும். ஜாக்கி அந்த டப்பாவில் வளர்ந்த பெண்.

மாநிலப் போட்டியன்று காலையிலும் அதில் ஒரு கரண்டி பாலில் கலக்கிக் குடித்துவிட்டுத்தான் மேடை ஏறினாள். தங்கம் வாங்கினாள். எங்கள் சொந்தத்தில் யாருக்கும் தூக்கம் இல்லை, அத்தனை தொலைபேசி. தேசிய அணித் தேர்வு அடுத்தது என்றார்கள்.

பிறகு வந்தது சேதி. போட்டி முடிந்ததும் எடுத்த சிறுநீர் மாதிரியில் தடை செய்யப்பட்ட ஊக்க மருந்து இருந்ததாம். விசாரணை முடியும்வரை அவள் பளுவைத் தொடக் கூடாது. அது எப்படி உடம்புக்குள் வந்தது என்று நிரூபிக்காவிட்டால் வருஷக்கணக்கில் தடை. பளுதூக்குகிறவர்களுக்கு வருஷம் என்பது சும்மா கிடைக்கிற சரக்கா?

“நான் மருந்தே எடுக்கல அம்மா. பாலும் முட்டையும் அந்த டப்பாவும்தான்” என்றாள். சொன்னவள் பாதியில் நிறுத்தி, செருப்புக்கூடப் போடாமல் கூடத்துக்கு ஓடினாள்.

மாஸ்டர் குழாயடியில் நின்றிருந்தார். கையில் தர்ம டப்பா, மூடி திறந்திருந்தது.

“மாஸ்டர், என்ன பண்றீங்க?”

“கழுவிடறேன்மா. இது இருந்தாத்தானே பிரச்சினை. கூடத்தையே மூடிடுவாங்க.”

“அதைக் கழுவினீங்கன்னா என்னையும் சேத்துக் கழுவி ஊத்தினதா அர்த்தம். குடுங்க.”

அவர் கொடுக்கவில்லை. அவள் டப்பாவைத் தூக்கவில்லை, டப்பாவைப் பிடித்திருந்த மாஸ்டரையே குழாயடியிலிருந்து தூக்கி இரண்டடி தள்ளி வைத்தாள். அதற்குப் பிறகு அவர் கொடுத்துவிட்டார்.

பேருந்தில் மடியில் டப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விளையாட்டு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த அதிகாரி அம்மாள் நல்லவர்தான், ஆனால் சட்டத்தைப் பேசினார்.

“இது திறந்த டப்பா. நீயே நேத்து எதையாவது கொட்டியிருக்கலாமே. எந்தப் பவுடர்னு தெரியணும், போட்டவங்க வந்து சொல்லணும், அதே சரக்குல பிரிக்காத டப்பா ஒண்ணு வேணும். இருக்கா?”

கூடத்துப் பையன்கள் ஒவ்வொருவராய் அம்மா மேல் சத்தியம் செய்தார்கள். ஒருவனும் வேண்டாததைப் போடவில்லை. ஜாக்கி சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அப்போது அவள் அம்மாதான் கேட்டாள்: “காலையில கூடத்துக்கு வந்து நடக்கிற மிஷின்ல ஏறி ஊர்க்கதை பேசுறாங்களே பொம்பளைங்க, அவங்களக் கேட்டியா?”

கேட்கவில்லை. அவர்களுக்கும் பளுதூக்கும் பவுடருக்கும் என்ன சம்பந்தம் என்று யாருமே நினைக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஜாக்கி அந்தப் பெண்கள் நடுவில் போய் நின்று நடந்ததைச் சொன்னாள். மிஷின்கள் ஒவ்வொன்றாய் நின்றன. கடைசியாக இறங்கியவள், கூடத்தில் எல்லாரும் ஆபீஸ் அக்கா என்று கூப்பிடுகிறவள். என் நாத்தனாரின் சம்பந்தி வீட்டு மூத்த மருமகள் அவள், எனக்கு நன்றாகத் தெரியும், எறும்புக்கும் வழி விட்டு நடப்பவள்.

“நான்தான் போட்டேன்” என்றாள். “உடம்பு இளைக்கும்னு ஆன்லைன்ல வாங்கினேன். குடிச்சதும் நெஞ்சு படபடன்னு அடிச்சுது. தூக்கி எறிய மனசு வரல. இல்லாத பிள்ளைங்களுக்காவது ஆகட்டும்னு கொட்டிட்டேன்.”

“உங்க நெஞ்சுக்கு ஒத்துக்காததை எங்களுக்குத் தர்மம் பண்ணீங்களா அக்கா?”

“நீங்கல்லாம் திடமான பிள்ளைங்க, உங்கள என்ன பண்ணிடும்னு நெனச்சேன்டி.”

ஜாக்கிக்குக் கோபம் வருமா, அழுகை வருமா என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “டப்பா இன்னும் இருக்கா?”

“அது காலி. ஆனா ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு இன்னொண்ணு வந்துச்சு. பிரிக்கல. பீரோவுல புடவைக்கு அடியில இருக்கு.” குரலைத் தாழ்த்தினாள். “அவருக்குத் தெரியாது.”

“இன்னிக்குத் தெரிஞ்சா பரவாயில்லையா அக்கா?”

ஆபீஸ் அக்கா துண்டால் முகத்தைத் துடைத்தாள். பிறகு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். பின்னால் ஜாக்கி உட்கார்ந்ததும் டயர் பாதி இறங்கிவிட்டது, அதற்கும் நிற்கவில்லை. வீட்டில் சவர நுரையோடு நின்ற புருஷனைத் தாண்டிப் போய்ப் பீரோவைத் திறந்தாள். “யாரும் தொடாதீங்க, சீல் உடையக் கூடாது” என்று ஜாக்கி கத்த, அந்த மனுஷன் நுரையோடு கையை மேலே தூக்கிக்கொண்டு நின்றாராம். ஜாக்கி போன் போட்டதும் அதிகாரி அம்மாள் நேரில் வந்து கையுறை போட்டு எடுத்துப் போனார். ஆபீஸ் அக்கா கையெழுத்துப் போட்டு வாக்குமூலமும் கொடுத்தாள், புருஷன் முன்னாலேயே.

சோதனைச்சாலை சொல்லிவிட்டது. மேலே மூலிகை என்று அச்சடித்த டப்பாவுக்குள் அச்சடிக்காத ஊக்க மருந்து. ஜாக்கி உடம்பில் இருந்ததும் அதுவே.

விசாரணையில் அவளை அப்படியே விட்டுவிடவும் இல்லை. “உள்ள என்ன இருக்குன்னு தெரியாம குடிச்சது உன் தப்புதானே?” என்று கேட்டார்கள். “ஆமாங்க, என் தப்புதான்” என்றாள். தங்கம் போயிற்று. ஆனால் வருஷங்கள் போகவில்லை. தடை சில மாதங்களோடு முடிந்தது. மெடலைப் பறிகொடுத்துவிட்டுத் துள்ளிக் குதித்து வெளியே வந்த பெண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இனி யார் பவுடரும் யாருக்கும் கிடையாது என்று மாஸ்டர் சட்டம் போட்டார். விளையாட்டுக்காரர்களுக்கென்று சரக்கு சரக்காகச் சோதித்து முத்திரை வைத்ததைத்தான் வாங்க வேண்டும், நாளைக்கு ஏதாவது கேள்வி வந்தால் சோதிக்க அதிலும் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும். “முத்திரை இருந்தாலும் முழு நம்பிக்கை வெக்காதே, முட்டைக்கு யாரும் லேபிள் ஒட்டி ஏமாத்தறதில்ல” என்பது ஜாக்கியின் கட்சி. முட்டை, பால், கடலை, வாழைப்பழம் என்று தின்றே திரும்பி வந்தாள். பவுடர் இல்லாமல் பழைய எடையைத் தூக்க முடியுமா என்று எங்களுக்குத்தான் சந்தேகம். தடை முடிந்தபின் நடந்த தேசிய அணித் தேர்வில் அவள் பழைய எடைக்கு மேலேயே கேட்டாள். கம்பி தோளுக்கு வந்தது. தலைக்கு மேலே போய் நின்றது. மூன்று நடுவர்களின் விளக்கும் வெள்ளை, தூக்கியது செல்லும் என்று அர்த்தம்.

இப்போது அவள் தேசிய அணியின் பயிற்சி முகாமில், மற்ற பெண்களோடு ஒரே அறையில் தங்கிப் பளு தூக்குகிறாள்.