இருபத்து நான்கு வராத தகடு

மகனுக்கு இரண்டு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. வீட்டில் தமிழ், வாசலில் கன்னடம், எங்கள் ஆபீஸ் போனில் இங்கிலீஷ். கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார் டாக்டர். மாமியாருக்குப் பொறுமையில்லை. தொம்மலூரில் ஒருவரிடம் புதன் யந்திரம் எழுதி வாங்கி வந்தார். உள்ளங்கை அளவு செப்புத் தகடு, அதில் ஒன்பது கட்டம், கட்டத்துக்கு ஓர் எண்.

"புதன்தாம்மா பேச்சுக்கு. எப்படிக் கூட்டினாலும் இருபத்து நாலு வரும். நாலு மூலையும் நாலு திசை, நடுவுல இருக்கறது உயிரு. கொழந்த தலகாணி அடியில வை."

வைத்தேன். அவர் சொன்னதைத் தட்டிப் பழக்கமில்லை. ஆனாலும் ஒரு வாரம் கழித்து, மகன் மதியம் தூங்கும்போது எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். மேல் வரிசையில் ஒன்பது, நான்கு, ஒன்று. பதினான்குதான் வந்தது. பதினொன்று இருக்கவேண்டிய இடத்தில் எழுதியவர் ஒரு கோட்டை விட்டுவிட்டார்.

ஏமாற்று வேலை என்று அப்போதே மாமியாரிடம் காட்டியிருக்கலாம். அதற்குள் வேறொரு சந்தேகம் வந்துவிட்டது. தப்பான யந்திரத்தின்மேல்தானே ஒரு வாரமாகத் தலைவைத்துப் படுக்கிறான்?

கணவருக்கு போன் செய்தேன். சிரித்தார்.

"நீதான் இதையெல்லாம் நம்பமாட்டியே! அப்புறம் அது சரியா இருந்தா என்ன, தப்பா இருந்தா என்ன?"

போனை வைத்துவிட்டு, ஊக்கு முனையால் அந்த ஒன்றின் பக்கத்தில் இன்னொரு கோட்டை அழுத்திக் கீறினேன். குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை மறுபடியும் கூட்டினேன். எல்லாம் இருபத்து நான்கு. அவன் விழிப்பதற்குள் தகட்டைத் தலையணைக்கு அடியில் வைத்தேன்.

நான் கீறிய கோடு செல்லுமா என்று யாரிடம் கேட்பது?