படகு சேராத ஸ்தோத்திர ஜெபம்

தப்பு என்னுடையது. கொச்சியிலிருந்து மொரிஷியஸ் வரை எவ்வளவு தூரம், பாய்மரப் படகு ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடும், வகுத்தால் இருபத்தொரு நாள் என்று ஒரே மூச்சில் கணக்குப் போட்டு அம்மாவிடம் சொன்னவள் நான்தான். எதையும் படித்த கையோடு யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. அண்ணன் கிளம்புவதற்கு முன்பே, கடல்காற்று காட்டும் செயலிகள் மூன்று என் போனில் இருந்தன.

அண்ணன் கொச்சியில் ஒரு படகுத்துறையில் படகுப்பாய் தைக்கிறவன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் தன் பாய்மரப் படகைக் கடல் தாண்டிக் கொண்டுபோக இரண்டு ஆள் தேடினார். கோவாக்காரன் ஒருவனும் இவனும் அவரோடு போனார்கள். என் கணக்கைச் சொன்னபோது, "இதுக்கு டைம்டேபிள் கிடையாதுட்டி, என்ன லோக்கல் டிரெயினா?" என்று போனில் சிரித்தான். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

அதற்குள் அம்மா இருபத்தொன்றோடு ஐந்தைக் கூட்டி, அதற்கடுத்த ஞாயிறு மாலை வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் என்று தாராவியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லியிருந்தாள். எங்கள் சனங்களுக்கு அது வழக்கம். கப்பலுக்கோ கல்ஃபுக்கோ போனவன் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் போதகரைக் கூப்பிட்டு நன்றி சொல்லி, வந்தவர்களுக்குப் பிரியாணி போடுவது. சேர்ந்த பிறகுதான் நாள் குறிப்பார்கள். என் கணக்கை நம்பி அம்மா முன்னாலேயே குறித்துவிட்டாள்.

பதின்மூன்றாம் நாள் வரைபடத்தில் படகின் புள்ளி நின்றது. படகிலிருக்கும் கருவி இடத்தைச் சொல்லச் சொல்ல, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என் போனில் நகர வேண்டிய புள்ளி. கருவி கெட்டிருக்கும் என்றேன் அம்மாவிடம். இருபத்தொன்றாம் நாளும் போயிற்று. கடல் மீட்பு மையத்துக்கு நான்தான் எழுதினேன். படகின் நீளம், பாயின் நிறம், குடிதண்ணீர் எத்தனை லிட்டர், எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. வேலைக்கு விண்ணப்பம் நிரப்புவது போலத்தான் இருந்தது.

ஞாயிறு நெருங்கியதும், ஜெபத்தைத் தள்ளிவைப்போம் என்றேன்.

"ஆளுவளக் கூப்பிட்டாச்சு. வேண்டாம்னா ஏன்னு கேப்பாவ," என்றாள் அம்மா, வெங்காயத்திலிருந்து தலை தூக்காமல். "அதுக்கு என் வாயால என்னத்தச் சொல்லச் சொல்லுத?"

வந்தார்கள். கோபர்கைரனேயில் இருக்கும் அத்தை எங்கள் மாடி வீட்டு இரும்பு ஏணியில் மூச்சு வாங்க ஏறி வந்து, "காத்த நம்பிப் போற படகுலயாட்டி போனான் உங்கண்ணன்? தாதர்ல கூட்டத்தப் பாத்தாலே டிரெயின்ல ஏறாம நிப்பானே!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

போதகரிடமும் அம்மா எதையும் சொல்லியிருக்கவில்லை. அவர் கண்ணை மூடி, மகனைப் பத்திரமாய்க் கரை சேர்த்ததற்காக நன்றி சொன்னார். எல்லோரும் ஆமென் என்றார்கள். அம்மாவும். நானும்.

பாட்டு தொடங்கியபோது என் போன் அடித்தது. மீட்பு மையம். வெளியே வந்து ஏணியின் மேல்படியில் நின்றேன். அண்ணனுக்கு நீச்சல் தெரியுமா, கடைசியாக என்ன பேசினான் என்று அதிகாரி ஹிந்தியில் கேட்டார். சொன்னேன். அந்தப் பக்கம் போகும் கப்பல்களுக்கெல்லாம் தகவல் கொடுத்திருக்கிறோம் என்றார். பிறகு, "பின்னால என்ன சத்தம், கல்யாணமா?"

"இல்ல சார். அண்ணன் போய்ச் சேர்ந்ததுக்கு நன்றி சொல்றாங்க."

அவர் உடனே கேட்டார், "சேர்ந்துட்டானா?"

"இல்ல சார்."

உள்ளே வந்தபோது பாட்டு முடிந்திருந்தது.

"யாருட்டி, அண்ணனா?" என்றாள் அத்தை. "குடு இங்க, நாலு ஏச்சு ஏசுதேன்."

அறை முழுக்க முகங்கள் என் பக்கம் திரும்பின. அம்மா மட்டும் திரும்பவில்லை. ஒட்டிக்கொண்ட பேப்பர் தட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் இல்ல. அண்ணன் இன்னும் போய்ச் சேரல," என்றேன். "எங்க இருக்கான்னு யாருக்கும் தெரியாது."

அம்மாவின் கை அப்படியே நின்றது. யாரும் எழுந்து போகவில்லை. போதகர் மூடிய வேதாகமத்தை ஒருமுறை தடவிவிட்டு, "அப்ப இன்னொருக்க முழங்கால் போடுவோம்," என்றார். போட்டோம். இந்த முறை நன்றி இல்லை, கெஞ்சினார். அத்தை விம்மி அழுதாள். எனக்கு டைல்ஸ் தரை முழங்காலில் சில்லென்று படுவது மட்டும் தெரிந்தது. பிறகு பிரியாணி சாப்பிட்டோம். நான் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டேன் என்று பிற்பாடு அத்தை சொன்னாள்.

நான்கு நாள் கழித்து, காலையில் சயான் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிற்கும்போது அதே அதிகாரி கூப்பிட்டார். ஒரு சரக்குக் கப்பல் படகைப் பார்த்துவிட்டது, பாய்மரம் முறிந்திருக்கிறது, மூன்று பேரும் உயிரோடு கப்பலில் இருக்கிறார்கள், சாயங்காலம் பேச வைக்கிறோம் என்றார். சரி சார் என்றேன். என் ரயில் வந்தது, போயிற்று. அழுகை வருமென்று கொஞ்சம் காத்திருந்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"கண்டுபிடிச்சிட்டாங்கம்மா. உயிரோட இருக்கானாம்."

"ஆரு சொன்னா?"

"ஆபீசர்."

"அவன் குரல நீ கேட்டியா?"

"இல்லம்மா. சாயங்காலம்தான்."

"அப்ப கேட்டுட்டுச் சொல்லு," என்று வைத்துவிட்டாள்.