லிப்டுக்காரர் இறங்காத மாடி

ஐந்து மாடி ஆஸ்பத்திரியில் பின்பக்க லிப்டை ஓட்டுகிறவருக்கு 'மேலகீழ' என்று பெயர் வைத்தது துப்புரவு அக்காதான். இருபத்திரண்டு வருடமாக மேலே போய்க் கீழே வருகிற மனுஷனை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவதாம்? அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. காலையில் வந்ததும் கம்பிக் கதவைத் தொட்டுக் கும்பிட்டு, "ஏறுறவங்க எல்லாரும் நல்லபடியா இறங்கணும் சாமி" என்று முணுமுணுத்த பிறகுதான் முதல் பொத்தானை அழுத்துவார்.

மாடியைச் சொன்னால் அவருக்கு நோய் தெரிந்துவிடும். ஒன்று எலும்பு, இரண்டு குழந்தைகள், மூன்று பெண்கள், ஐந்து ஆபரேஷன். நாலு என்றால் மூத்திரக் கோளாறு, ஆண்களுக்கு வருகிற மற்றக் கோளாறுகள். நாலை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். இடுப்போடு ஒட்டி நாலு விரலைக் காட்டுவார்கள். லிப்டில் நிற்கிற மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். பாவம், என்று இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஐம்பத்து மூன்றாவது வயதில் அவருக்கே அது வந்தது. ஒருநாள் குளிக்கும்போது ஆணுறுப்பின் மேல்பக்கம், தோலுக்கடியில், சட்டைப் பொத்தான் அளவுக்குக் கெட்டியாக ஏதோ கையில் தட்டுப்பட்டது. விறைக்கும்போது வலித்தது. இரண்டு மாதத்தில், விறைத்தால் மேல்பக்கமாக வளைந்துகொண்டது. வளைவு மாதத்துக்கு மாதம் கூடியதே தவிரக் குறையவில்லை.

கட்டி என்றால் புற்றுநோய். அவருக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். ஐந்தாம் மாடிக்கு ஸ்ட்ரெச்சரில் எத்தனை பேரை ஏற்றியிருக்கிறார், அதில் எத்தனை பேர் துணியால் முகம் மூடப்பட்டு இறங்கினார்கள் என்பது அவருக்குத்தானே தெரியும்! தொட்டுப் பார்க்கவும் பயம், தொடாமல் இருக்கவும் பயம். நான் என்ன பாவம் செய்தேன், எதற்காக அந்த இடத்தில் கொண்டுவந்து வைத்தாய் என்று கடவுளிடம் கேட்டார். அது நமக்கு எல்லாருக்கும் வருகிற கேள்விதான். பதிலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல்தான் நாம் கெட்டுப்போகிறோம்.

அவரும் பொறுக்கவில்லை. முதல் மாடியில் உடைந்த விரலுக்கு வைத்துக் கட்டுகிற தகரப் பட்டை, ஒரு பக்கம் பஞ்சு ஒட்டியது, மேசைமேல் கிடக்கும். ஒருநாள் அதில் ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை, விரலுக்குக் கட்டுகிற மாதிரியே அங்கே வைத்துத் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டார். பத்து மணிக்குள் உயிர் போய் உயிர் வந்தது.

"என்ன மேலகீழ, மூஞ்செல்லாம் வேர்த்து ஊத்துது? லிப்டை ஓட்டுறியா, தோள்ல தூக்கிட்டுப் போறியா?" என்றாள் துப்புரவு அக்கா.

"புழுக்கம் அக்கா."

கழிப்பறைக்கு ஓடி அவிழ்த்துப் போட்டார். மூன்று நாள் நீலம் பாரித்துக் கிடந்தது. அதற்குப் பிறகு பயம் இரண்டு மடங்காயிற்று.

மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கு முந்தின வருடம்தான் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். தேறி எழுந்து தையல் மிஷினில் மறுபடி உட்கார்ந்திருந்தாள். அவள் தலையில் இதையும் ஏற்றுவதா? முதுகு வலி, தரையில் படுத்தால்தான் சரிவரும் என்று சொல்லிப் பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்துவிட்டார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஏழு மாதம் கேட்கவில்லை. நாலாம் மாடி டாக்டர் தினமும் இவருடைய லிப்டில்தான் ஏறுவார். பதினொரு வருடப் பழக்கம். கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் 'சார்' என்று நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போகும். அந்த மாடியில் தான் இறங்கினால் ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிடுமே!

ஒரு செவ்வாய்க்கிழமை பின்பக்க லிப்டுக்கு எண்ணெய் போடுகிறார்கள் என்று இவரை முன்பக்க லிப்டுக்கு அனுப்பினார்கள். பத்தரை மணிக்கு ஏறின கும்பலில், முக்காட்டை நெற்றிவரை இழுத்துக்கொண்டு, துணிப்பையை மார்போடு அணைத்தபடி ஒரு பெண் வந்து நின்றாள். அவர் மனைவி.

அவளும் இவரை அங்கே எதிர்பார்க்கவில்லை. பழக்கதோஷத்தில் வாய் தானாகக் கேட்டது.

"எந்த மாடி?"

"மூணு" என்றாள், தலை நிமிராமல்.

கும்பலுக்கு நடுவில் என்ன பேசுவது? மூன்றில் இறங்கிப் போனாள். லிப்டை விட்டுவிட்டு ஓட முடியாது. மேலே போகும்போது கம்பிகளுக்கு நடுவே பார்த்தார்: பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கீழே வரும்போது பார்த்தார்: அப்படியே இருந்தாள். மறுபடி மேலே, மறுபடி கீழே. எடுத்த இடத்தில் திரும்ப ஏதாவது வந்துவிட்டதா? தன் கட்டியையே அவர் மறந்துபோனார். ஆறாவது தடவை பெஞ்சு காலியாக இருந்தது. 'அவளை விட்டுடு சாமி, என்னை எடுத்துக்கோ' என்று கதவுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

அரைமணி கழித்து மூன்றாம் மாடி மணி அடித்தது. அவள் மட்டும் நின்றிருந்தாள். ஏற்றிக்கொண்டு, மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நிறுத்துகிற விசையைத் தட்டினார். லிப்டு குலுங்கி நின்றது.

"என்னாச்சு உனக்கு? சொல்லு, என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லைன்னுட்டாங்க."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எங்கிட்ட ஏதாவது நாத்தம் வருதான்னு கேக்க வந்தேன். கர்ப்பப்பையை எடுத்ததுலேருந்து நான் பொம்பளையே இல்லைன்னு நெனச்சுட்டீங்களோ என்னவோ. பாயைத் தூக்கிட்டுப் போனவரு போனவருதானே. அருவருப்பா இருந்தா வாயால சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் அப்படியே லிப்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, நீயில்லம்மா. எனக்குத்தான்..." என்று தொடங்கி, கட்டி, வலி, வளைவு, தகரப் பட்டை எல்லாவற்றையும் கொட்டினார். மேலேயும் கீழேயும் மணி விடாமல் அடித்தது. "மேலகீழ! தூங்கிட்டியாப்பா?" என்று எவனோ கத்தினான்.

"தகரத்தையா வச்சுக் கட்டினீங்க?" என்றாள் அவள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது. "ஏழு மாசம் நான் தினம் சோப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் குளிச்சேங்க."

பிறகு அவளே விசையைத் தட்டிவிட்டு, நாலை அழுத்தினாள்.

"இப்ப வேணாம். டியூட்டி முடியட்டும்."

"ஏழு மாசம் முடிஞ்சாச்சு. போதும்."

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனிடம் லிப்டை ஒப்படைத்துவிட்டு டாக்டர் அறைக்குள் போனபோது, "நீங்களா? என்ன, லிப்டு ரிப்பேரா?" என்றார் டாக்டர். மனைவிதான் சொன்னாள், ஒன்று விடாமல்.

திரைக்குப் பின்னால் படுக்கவைத்து விரலால் அழுத்திப் பார்த்தார் டாக்டர். இவர் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த வேண்டுதலையெல்லாம் சொன்னார். 'நாள் குறிக்கப்போகிறார்' என்று நினைத்தார்.

"கையைக் காட்டுங்க" என்றார் டாக்டர்.

"எதுக்கு சார்?"

"காட்டுங்களேன்."

வலது கை மோதிர விரல் மூன்று வருடமாக முழுதாக நிமிர்வதில்லை. உள்ளங்கையில் கயிறு போல ஒன்று புடைத்திருந்தது. "கதவை இழுத்து இழுத்து வந்தது சார், எல்லாருக்கும் காட்டியிருக்கேனே!" என்றார்.

"கதவு மேல பழியைப் போடாதீங்க. தோலுக்கடியில தழும்பு மாதிரி கெட்டியாகி விரலை இழுத்துப் பிடிச்சிருக்கு. அதே மாதிரித் தழும்புதான் அங்கேயும். அந்தப் பக்கம் நீளமாட்டேங்குது, அதனால அந்தப் பக்கமா வளையுது. கை இப்படி இருக்கிற சில பேருக்கு இதுவும் வரும். கையை ஊருக்கெல்லாம் காட்டினீங்க, இதை எனக்குக்கூடக் காட்டல."

"புத்துநோய்..."

"இல்லை. தொத்துறதும் இல்லை. வீட்டம்மாவால வந்ததும் இல்லை."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாவமும் இல்லை, தண்டனையும் இல்லை என்று இவர் கையிலேயே எழுதிக் காட்டியிருக்கிறான் கடவுள்! மூன்று வருடம் பார்த்தும் படிக்கத் தெரியவில்லையே.

பேச்சு தகரப் பட்டைக்கு வந்ததும் டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இனிமே நீங்களா நிமிர்த்தப் பாக்காதீங்க. உள்ளே கிழிஞ்சா தழும்பு இன்னும் கூடும்." வலி இருக்கிறவரை வளைவு மாறிக்கொண்டே இருக்கும், வலி பெரும்பாலும் சில மாதங்களில் அடங்கிவிடும் என்றார். வளைவு ஓரிடத்தில் நின்ற பிறகு, தேவைப்பட்டால் தழும்புக்குள் ஊசி போடலாம், ஆபரேஷன் செய்யலாம். அளவெடுத்து மாட்டுகிற இழுவைக் கருவியும் இருக்கிறது. தாம்பத்தியத்துக்கு இடைஞ்சல் இல்லையென்றால் சும்மா விட்டுவிடுகிறவர்களும் உண்டு. இப்போதைக்கு சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் பார்க்க வேண்டும். அப்புறம், விறைத்திருக்கும்போது மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் போனில் படம் எடுத்து வரவேண்டும்.

"போட்டோவா!" என்றார் இவர்.

"நான் எடுக்கறேன்" என்றாள் மனைவி. "நீங்க எடுத்தா கை நடுங்கி மகளுக்கு அனுப்பிடுவீங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். இவர் சிரிக்கவில்லை.

"முழுசா நேராயிடுமா சார்?"

"சத்தியம் பண்ணமாட்டேன். தானா நேராகறது அபூர்வம். ஆனா வழி இருக்கு."

அந்தப் பதிலோடு வெளியே வந்தார்கள். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். மனைவி அவருடைய வலது கையை, நிமிராத அந்த விரலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு லிப்டுக்காக நின்றாள்.

கதவு திறந்தது. உள்ளே வாட்ச்மேனும் துப்புரவு அக்காவும், இன்னும் நாலைந்து பேரும்.

"அடடே, மேலகீழ!" என்றாள் அக்கா, எல்லாருக்கும் கேட்கும்படி. "ஜோடியா எங்கேருந்து வர்றீங்க?"

மனைவியின் பிடி இறுகியது.

"நாலுலேருந்துதான் அக்கா. எனக்குத்தான் உடம்புக்கு" என்றார்.

யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. அக்கா வாளியை நகர்த்தி இடம் விட்டாள். அவர் ஏறி, இடது கையால் கம்பிக் கதவை இழுத்து மூடினார்.