முள் நடுவில் நிற்க வேண்டும்

எனக்குப் படம் எடுக்கத் தெரியாது. முள்ளை நடுவில் நிறுத்தத் தெரியும்.

சுரங்கத்துத் தண்ணீரை இறைக்கும் பம்ப் ஹவுஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தேன். பம்புக்கு மேல் ஒரு கேஜ் இருக்கும். அதில் ஒரு முள். முள் ஏறினால் வால்வை ஒரு பக்கம் திருப்ப வேண்டும். இறங்கினால் மறு பக்கம். சூப்பர்வைசர் முதல் நாளே சொல்லிவிட்டார்: "முள்ளு நடுவுல நிக்கணும். மத்தது எதையும் நீ யோசிக்காத." நான் யோசிக்கவில்லை. வருஷங்கள் ஓடின.

நகரியத்தில் ஒரு சார் ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்தார். சாமான் ஏற்றப் போயிருந்தேன். எல்லாம் ஏறிய பிறகு ஒரு கேமரா மிஞ்சியது. பிலிம் போடுகிற பழைய கேமரா. கனம். அவர் மகனுக்கு வேண்டாமாம், போன் இருக்கிறதாம். சார் அதை என் கழுத்தில் மாட்டினார். நாலைந்து பிலிம் ரோலையும் சட்டைப் பையில் திணித்தார். லாரி டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். அந்தச் சத்தத்தில்தான் பாடம் நடந்தது.

"கண்ண வெச்சுப் பாரு. நடுவுல வட்டம் தெரியுதா? அதுக்குள்ள நேர்கோடு எதுவா இருந்தாலும் ரெண்டா ஒடஞ்சு தெரியும். முன்னாடி வளையத்தத் திருப்பி ஒண்ணாக்கு. ஒண்ணாச்சுன்னா படம் தெளிவு."

"சரிங்க சார்."

"ஓரத்துல ஒரு முள்ளு இருக்கும். வெளிச்சம் ஜாஸ்தின்னா ஏறும். கம்மின்னா எறங்கும். பின்னாடி வளையம் வெளிச்சம் உள்ள வர்ற துளைக்கு. மேல இருக்கற திருகு அது தொறந்து மூடற வேகத்துக்கு. ரெண்டுல எதையாவது திருப்பி..."

"முள்ள நடுவுல நிறுத்தணும்."

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "முன்னாடியே எடுத்திருக்கியா?"

"இல்ல சார். பம்ப் ஹவுஸ்."

கேமரா வீட்டில் ஆணியில் தொங்கியது. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. நானும் தங்கையும்தான். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தங்கை தையல் கடையில் வேலை பார்த்தாள். வந்த வரன்களை எல்லாம் அவளே தட்டிவிட்டாள். ஒருவர் அதிகம் பேசினாராம். ஒருவர் பேசவே இல்லையாம். மேல்பட்டாம்பாக்கத்து இடம் வந்தபோது மட்டும், "பாக்கலாம்" என்றாள்.

மாப்பிள்ளைக்கு அங்கே மோட்டார் காயில் கட்டும் கடை. ஒரு கல்யாணப் பந்தியில் இவளுக்கு எதிர் இலையில் உட்கார்ந்திருக்கிறார். என்னவோ சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். என்ன சொன்னார் என்று கேட்டேன். அவள் சொல்லவில்லை. மறுபடியும் சிரித்தாள். எனக்கு அது போதும். இது கெட்டுப்போகக் கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

நடுவில் பேசியவர் எங்கள் மாதா கோயில் உபதேசியார். ஒரு நாள் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"போட்டோ கேக்கறாங்க."

தங்கை போனை எடுத்தாள்.

"அது வேணாமாம். மாப்பிள்ளையோட அம்மா சூடுபட்டவங்க. பெரிய மருமவளப் பாக்கறப்ப பொண்ணு வூட்டுல போன்ல எடுத்த போட்டோவ அனுப்பினாங்க. போட்டோவுல வந்தது ஒரு பொண்ணு, வூட்டுக்கு வந்தது ஒரு பொண்ணு. அதனால பிலிம்ல எடுக்கணுமாம். மூணு எடத்துல நிக்க வெச்சு எடுக்கணுமாம். நெகட்டிவோட குடுக்கணுமாம். நெகட்டிவ் பொய் சொல்லாதாம்."

"இந்தக் காலத்துல பிலிமுக்கு எங்க போறது?" என்றாள் தங்கை.

மூன்று பேரும் ஆணியைப் பார்த்தோம்.

முதல் இடம் மாதா கோயில். புதிதாக வெள்ளை அடித்த சுவர். சுவரில் சாய்ந்த மாதிரி அவளை நிறுத்தினேன். பச்சைப் புடவை. கண்ணை வைத்தேன். வட்டத்துக்குள் முகம் வந்தது. கோடு எதுவும் இல்லை. கன்னத்தில் ஏது கோடு? எங்கே உடைகிறது, எங்கே சேர்கிறது என்று தெரியவில்லை.

"மூக்க நேரா வெய்யி."

"இதான் என் மூக்கு. பொறந்ததுல இருந்து இங்கதான் இருக்குது."

"கோடு வேணும் புள்ள."

அவள் பையிலிருந்து துணி அளக்கும் மர ஸ்கேலை எடுத்தாள். நெஞ்சுக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்தாள். ஸ்கேல் இரண்டாக உடைந்து தெரிந்தது. வளையத்தைத் திருப்பினேன். ஒன்றானது. முள்ளைப் பார்த்தேன். உச்சிக்கு ஏறியிருந்தது. துளையைக் குறைத்தேன். திருகையும் ஒரு சுற்றுச் சுற்றினேன். முள் நடுவுக்கு வந்தது. அமுக்கினேன்.

"ஸ்கேல எறக்க நேரம் குடுத்தியா நீ?"

"கோடு கலைஞ்சிடும்."

இரண்டாவது இடம் நிலக்கரி லாரிகள் நிற்கும் மைதானம். அங்கே தரையே கறுப்பு. கறுப்புத் தார்ப்பாய் போர்த்திய லாரியை ஒட்டி நின்றாள். ஸ்கேலை இனி தொட மாட்டேன் என்றாள். லாரிக் கதவின் ஓரம் நேர்கோடு. அதைச் சேர்த்தேன். முள் கீழே விழுந்து கிடந்தது. துளையைத் திறந்தேன், வேகத்தைக் குறைத்தேன். நடுவில் நிறுத்தினேன். அமுக்கினேன்.

மூன்றாவது எங்கள் தெருமுனை. மரத்து நிழல். மின்கம்பம் ஒன்று இருக்கிறது. அவளைக் கம்பத்தோடு ஒட்டி நிற்கச் சொல்லி, கம்பத்தின் ஓரத்தைச் சேர்த்தேன். முள் நடுவில் நிற்கத் துளையை முழுக்கத் திறக்க வேண்டியிருந்தது. எல்லாம் சரியாக அமைந்தபோது கம்பத்தடியில் படுத்திருந்த நாய் எழுந்து உறுமியது. இவள் நாலு எட்டு முன்னால் வந்துவிட்டாள். நான் வளையத்தைத் தொடவில்லை. அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த கோட்டைக் கலைக்க மனம் வரவில்லை. அமுக்கினேன்.

பிலிம் கழுவ கடலூர் போக வேண்டும். அங்கே ஒரு கடையில்தான் இன்னும் கழுவினார்கள்.

"முப்பத்தாறுல மூணுதான் எடுத்திருக்கீங்க" என்றார் கடைக்காரர்.

"மூணுதான் கேட்டாங்க."

சாயங்காலம் படத்தைக் கொடுத்தார். வெள்ளைச் சுவர் முன்னால் ஒரு பெண். கரிக்கட்டை நிறம். கண்ணும் பல்லும் மட்டும் தெரிந்தன. கையில் ஸ்கேல். லாரிக்குப் பக்கத்தில் வேறொரு பெண். சுண்ணாம்பு நிறம். புருவம் இல்லை. மூன்றாவதில் மின்கம்பம். அதன் எண்ணைப் படிக்க முடிந்தது. அதற்கு முன்னால் பச்சையாக ஒரு புகை. புகைக்கு மேல் பூ வைத்திருந்தது.

என் தங்கை மாநிறம்.

"முள்ளு நடுவுலதான் இருந்துச்சுங்க" என்றேன்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. "அதாங்க தப்பு. முள்ளுக்கு வெள்ளை எது, கறுப்பு எது தெரியாது. எதக் காட்டினாலும் சாம்பல் நெறமா ஆக்கப் பாக்கும். வெள்ளைச் சுவத்த சாம்பலாக்கிச்சு, பொண்ணு கறுத்துட்டாங்க. கறுப்பு லாரிய சாம்பலாக்கிச்சு, பொண்ணு வெளுத்துட்டாங்க."

படத்தில் சுவரைப் பார்த்தேன். சாம்பல். லாரியைப் பார்த்தேன். அதுவும் சாம்பல். எங்கள் ஊரில் அனல் மின் நிலையமும் அதைத்தான் செய்கிறது. பழக்கப்பட்ட நிறம் என்பதால் எனக்கு உறைக்கவில்லை.

வீட்டில் தங்கை மூன்றையும் பார்த்தாள். "இதுல நான் எங்கண்ணா?" என்று கேட்டாள். அதற்குள் உபதேசியார் வந்துவிட்டார். ஒன்றை மட்டும் கொடுக்கலாம் என்றால் நெகட்டிவில் மூன்றும் ஒரே துண்டாக இருந்தது. வெட்டினால் ஏன் வெட்டினீர்கள் என்பார்கள். மூன்றையும் கொடுத்தனுப்பினோம். தங்கை அன்று இரவு சாப்பிடவில்லை.

பதில் இரண்டே நாளில் வந்தது. உபதேசியார் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்.

"இத்தினி பொண்ணு இருக்குதுன்னு ஏன் சொல்லலைன்னு கேக்கறாங்க. மூணு பேருக்கும் ஒரே துணியில எடுத்துக் குடுத்திருக்கறது அந்தம்மாவுக்குப் புடிச்சிருக்காம், சிக்கனமான குடும்பம்னு. ஸ்கேல் வெச்சிருக்கற பொண்ணு டீச்சரான்னு கேட்டாங்க. கம்பத்துக்கிட்ட இருக்கறது யாருன்னு தெரியலையாம். லாரிகிட்ட நிக்கற பொண்ணப் பாக்க ஞாயித்துக்கெழம வராங்க."

"எனக்கு ரெண்டு தங்கச்சி இருக்கறது எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்" என்றாள் தங்கை.

"நீங்க சொல்லலையா?" என்று உபதேசியாரைக் கேட்டேன்.

"சொன்னேன். நெகட்டிவக் காட்டறாங்க. நான் என்னத்தப் பண்றது?"

ஞாயிறு பூசை முடிந்து மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்தார்கள். தங்கை காப்பி கொண்டுவந்து கொடுத்து ஓரமாக நின்றாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தம்மா காப்பியைக் குடித்தார். டம்ளரை வைத்தார். காத்திருந்தார்.

"கூப்புடுங்க."

"யாரங்க?" என்றேன்.

"லாரிகிட்ட நின்னுக்கினு இருந்துச்சே, அந்தப் பொண்ண."

"அது நான்தாங்க" என்றாள் தங்கை.

"அப்ப சுவத்துக்கிட்ட?"

"அதுவும் நான்தாங்க."

"கம்பம்?"

"கம்பம் கம்பந்தாங்க. பக்கத்துல நான்."

அந்தம்மா எழுந்து போய் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தார். அடுப்பும் சிலிண்டரும் இருந்தன. திரும்பி வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து நெகட்டிவை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தங்கையைப் பார்த்தார். நெகட்டிவைப் பார்த்தார்.

"நெகட்டிவ் கூடவா பொய் சொல்லும்?"

நான் முள்ளைப் பற்றிச் சொன்னேன். வெள்ளை, கறுப்பு, சாம்பல் எல்லாம் சொன்னேன். வாழ்க்கையில் நான் சேர்ந்தாற்போல் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். அந்தம்மா நம்பவில்லை.

"ஒரு பொண்ணு எப்பிடி மூணா வரும்? என்ன ஏமாத்தப் பாக்கறீங்க." பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

மாப்பிள்ளை எழவில்லை. தலையைக் குனிந்து குலுங்கிக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு.

தங்கை ஆணியிலிருந்து கேமராவை எடுத்து என் கையில் வைத்தாள். "அவரையும் எடுண்ணா. அதே மூணு எடம். முள்ள நடுவுல வெச்சே எடு. நெகட்டிவோட குடு. அப்பறம் அவங்க போவட்டும்."

"ஆம்பளைக்கு எதுக்குடி போட்டோ?" என்றார் அந்தம்மா.

மாப்பிள்ளை அதற்குள் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். "மொதல்ல எந்த எடம்?" என்றார். "ஸ்கேல எடுத்துக்கங்க."

கோயில் சுவர் முன்னால் ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார். பூசை முடிந்து நின்று பேசிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கிட்டே வந்தார்.

"என்னப்பா, ஒயரம் அளக்கறாங்களா? போலீஸ் வேலையா?"

"கல்யாண வேலைங்க."

"அதுக்கு எதுக்கு ஒயரம்?"

"அவங்க வூட்டு வழக்கம் அப்பிடி."

லாரி மைதானத்தில் எடுத்தேன். கம்பத்தடியில் எடுத்தேன். அதே நாய். அவரும் நாலு எட்டு முன்னால் வந்தார். நான் வளையத்தைத் தொடவில்லை. இந்த முறை தெரிந்தே தொடவில்லை.

படங்களை மேல்பட்டாம்பாக்கத்துக்கு நானே எடுத்துப் போனேன். கரிக்கட்டை நிறத்தில் இருந்ததைப் பார்த்ததும் அந்தம்மாவின் முகம் சுண்டிவிட்டது.

"இது எம்புள்ள இல்ல."

"நெகட்டிவ் இருக்குதுங்க" என்றேன்.

நெகட்டிவை வாங்கித் தூக்கிப் பிடித்தார். கீழே வைத்தார். உள்ளே போய்த் தங்கையின் மூன்று படங்களையும் எடுத்துவந்தார். ஆறையும் மேஜையில் பரப்பினார். ஸ்கேலுக்குப் பக்கத்தில் ஸ்கேல். சுண்ணாம்புக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு. புகைக்குப் பக்கத்தில் புகை. வெகுநேரம் பார்த்தார். கடையில் மோட்டார் ஓடும் சத்தம் நின்றது. மாப்பிள்ளை வந்து கதவோரம் நின்றார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"மூணு ஜோடியும் பொருத்தமாத்தான் இருக்குது" என்றார் அந்தம்மா.

விரலால் ஒவ்வொரு ஜோடியாகத் தொட்டார்.

"ஆனா எந்த ஜோடிக்குத் தேதி வெக்கறது?"

"மூணுக்கும் ஒரே நாள்ல வெச்சிடும்மா" என்றார் மாப்பிள்ளை. "பந்தி செலவு மிச்சம்."

வைத்தார்கள்.

கல்யாணத்துக்கு அவர்கள் ஏற்பாடு செய்த போட்டோக்காரர் இரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகிற கேமரா. நான் ஒரே ஒரு படம் எடுத்தேன். கோயில் படிக்கட்டு. தங்கை வெள்ளைப் புடவை. மாப்பிள்ளை கறுப்புக் கோட்டு. பக்கத்தில் அந்தம்மா. கண்ணை வைத்தேன். புடவையும் கோட்டும் ஒட்டிய இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு நேர்கோடு. இரண்டாக உடைந்திருந்தது. வளையத்தைத் திருப்பினேன். சேர்ந்தது. முள்ளைப் பார்த்தேன். வெள்ளை பாதி, கறுப்பு பாதி. நான் எதையும் திருப்பவில்லை. அதுவாகவே நடுவில் நின்றது.

"ஸ்கேல் வேணாமாண்ணா?" என்றாள் தங்கை.

"வேணாம். ஆடாம நில்லு."

அந்தப் படத்தில் தங்கை தங்கையாகவே இருந்தாள். அவரும் அவராகவே இருந்தார். அந்தம்மா மட்டும் கண்ணை மூடியிருந்தார். அதைக் கொடுக்கப் போனபோது கையை நீட்டினார்.

"நெகட்டிவ் எங்க?"

கொடுத்தேன். வாசலுக்கு வந்து வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இதுலயும் மூடிக்கினுதான் இருக்கறேன்" என்றார்.