நொச்சி இலை போட்ட கித்தார்

பேத்திக்குக் கித்தார் வாங்கப் போன கடையில், வயிற்றில் வளைந்த துளை வைத்த ஒன்றின் அருகே முகத்தைக் கொண்டுபோனேன். உள்ளிருந்து வந்த மர வாசனை என்னை உத்திரமேரூர் ஏரிக்கரைக்கு, இன்று தார்ச்சாலைக்கு அடியில் போய்விட்ட எங்கள் கூரைவீட்டுக்கு இழுத்துப் போனது.

ஊர்த்தெருவோடு நின்றுபோன கரண்டு எங்கள் தெருவுக்கு வராத அந்த நாட்களில், மெட்ராஸில் கச்சேரிக் குழுவில் இருந்த அண்ணன், ஊருக்கு வரும் ஞாயிறுகளில் பூசை முடிந்ததும் தன் எலெக்ட்ரிக் கித்தாரைச் சும்மாவே வாசிப்பார். மூடிய பானைக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல் அது முனகும், அம்மா அடுப்பை விட்டு வந்து அதன்மேல் காதை வைத்துக்கொள்வாள்.

“முழுக்கக் காலியா இருந்தா மேடையில சத்தம் ஏத்துனதும் ஊளையிடும்மா. முழுக்கக் கட்டையா இருந்தா இங்க ஊமை. அதான் நடுவுல கட்டை வச்சி, ரெண்டு பக்கமும் காலியா வுட்டுக்கீறாங்க” என்பார்.

கச்சேரி வேன் கவிழ்ந்து அண்ணன் போனபின், கித்தார் மட்டும் வீட்டுக்கு வந்தது. விதைநெல்லில் பூச்சி விழாமலிருக்க நொச்சி இலை போடுகிற அம்மா, அதன் வளைந்த துளைகளிலும் காய்ந்த இலையைத் திணித்தாள். பொடிந்து அடங்க அடங்க மேலும் திணித்தாள். தினமும் விளக்கேற்றியதும் ஒரு தந்தியைச் சுண்டிவிட்டுக் காதை வைப்பாள்.

கடைப்பையன் சுண்டிய தந்தி இலையில்லாத வயிற்றில் கணீரென்று நின்று ஒலித்தபோதுதான், அம்மா அன்று அப்பாவிடம் அழுதது எதனால் என்று எனக்கு விளங்கியது.

“வரவர சத்தமே கேக்கலய்யா. புள்ள தூரமாப் போய்க்கினே கீறான்.”